தாயம் விழாத ஞாயிறுகள்

ஜூன் 3, செவ்வாய்

பள்ளி திறந்து இரண்டாம் நாள். பதினொன்றாம் வகுப்பு. கெமிஸ்ட்ரி ரெகார்டு என்று அம்மாவிடம் சொல்லி வாங்கிய இரண்டு நோட்டில் இது ஒன்று. வலது பக்கம் கோடு போட்டது, இடது பக்கம் வெள்ளை. வலது பக்கத்தில் உண்மையை எழுதுவேன். இடது பக்கத்தில் கெமிஸ்ட்ரி சாரின் மூக்கை வரைவேன். ஒரு பக்கம் போதாவிட்டால் மடித்து வரைவேன்.

என் பெயர் அர்த்தநாரி. திருச்செங்கோட்டு வேண்டுதல். பெயரில் இருக்கிற அர்த்தம் பேச்சில் இல்லை என்பது அக்காவின் தீர்ப்பு.

நாட்குறிப்பு எழுதுகிற ஆள் இல்லை நான். தோன்றுவதை எல்லாம் நண்பன் ஜோயல் காதில் கொட்டிவிடுவது வழக்கம். ஏப்ரல் கடைசியில் அவன் அப்பாவுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு கிளம்பிவிட்டார்கள். காது போனதால் கைக்கு வேலை வந்திருக்கிறது. அவனைப் பற்றி இதற்கு மேல் இந்த நோட்டில் எழுதுவதாக இல்லை.

இன்றைய சாதனை: இன்னொரு நண்பன் லோகித்தின் டிபன் பாக்ஸில் ஒரு இட்லியை எடுத்துவிட்டு, பாத்திரம் கழுவும் புது ஸ்பாஞ்சை வட்டமாக வெட்டி வைத்தேன். சட்னியில் தொட்டுக் கடித்து, "இன்னைக்கு நல்லா மெத்துன்னு இருக்குதுடா" என்றான். இவனிடம் குறும்பு செய்வதே வீண்.

ஜூன் 5, வியாழன்

வகுப்பில் ஒரு புதுப் பெண். மிஸ் எழுந்து நிற்கச் சொல்லி, "உன்னைப் பத்திச் சொல்லும்மா" என்றார். "பேச்சியம்மாள். தூத்துக்குடி." அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டாள்.

"பேர்ல இருக்கற பேச்சு வாயில இல்லையே" என்று மெதுவாகத்தான் சொன்னேன். என் மெதுவு கடைசி பெஞ்சு வரை கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். முறைப்பாள் என்று நினைத்தேன். மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

அவள் அப்பா ரயில்வேயில் மெக்கானிக்காம். நாலு வருஷத்தில் இது மூன்றாவது பள்ளி. ரயில்வே காலனியில் லோகித் வீட்டுக்கு எதிர் வீடுதான். சாமான் லாரி வந்தபோது, முன் சீட்டில் பெயின்ட் வாளி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். வாளிக்குள் கறிவேப்பிலைச் செடி. "டிவி கூட லாரி பின்னாடிதான்டா வந்துச்சு, செடி முன்னாடி வருது" என்றான் லோகித்.

ஜூன் 8, ஞாயிறு

சாயங்காலம் ஆறு மணி. மாவு அரைத்து வந்துவிட்டேன், கரண்டு பில் கட்டிவிட்டேன், மனசு மட்டும் அரைபடாமல் கட்டியாக இருக்கிறது.

எங்கள் வண்டியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். வண்டி என்பது நாங்கள் ஞாயிறுதோறும் ஆடுகிற கதையாட்டம். தோழி ரிஸ்வானாவின் அம்மா தையல் கடை வைத்திருக்கிறார். ஞாயிறு விடுமுறை. மதியம் இரண்டு முதல் ஐந்து வரை அந்தக் கட்டிங் டேபிள் எங்களுக்கு. ரிஸ்வானா தையல் சாக்பீஸால் மேசைமேல் ஒரு நாட்டை வரைவாள்: மலை, ஆறு, கோட்டை, சுடுகாடு. அவள்தான் வண்டிக்காரி. கதையை ஓட்டுவது அவள் வேலை. "ஆத்தோரமா புகை தெரியுது. என்ன பண்றீங்க?" என்பாள். நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பதில் சொல்வோம். சிக்கலான காரியம் என்றால் தாயக்கட்டை உருட்டுவோம். விழுகிற எண்தான் விதி.

லோகித்தின் பாத்திரம் பூனைக்கால். திருடன், ஆனால் நாய் என்றால் பயம். மேசையில் அவன் ஒரு தையல் மெஷின் பாபின். நான் மெய்யப்பன் சித்தர், போலி வைத்தியன். பெயரில்தான் மெய், மருந்தில் வெறும் பனைவெல்லம். நான் ஒரு ரவிக்கை ஊக்கு. ஜோயலுடையது வேங்கையன் என்ற போர்வீரன். கறுப்பு கோட் பட்டன். ஆட்டத்துக்கு வராதவர்களின் பாத்திரம் மாட்டுவண்டியில் தூங்கும் என்பது எங்கள் வழக்கம். மாட்டுவண்டி என்றால் ஒரு தீப்பெட்டி. ஏப்ரலிலிருந்து கறுப்பு பட்டன் தீப்பெட்டிமேல் தூங்குகிறது.

இன்று ரிஸ்வானா, "பேச்சியை வண்டிக்குக் கூப்பிட்டிருக்கேன்" என்றாள்.

"வண்டி ஃபுல்லு."

"மூணு பேரு இருக்கற வண்டி எப்புட்றா ஃபுல்லு?"

"நாலு. வேங்கையன் தூங்கறான்."

 லோகித் முறுக்கு கடிக்கிற சத்தம் மட்டும்.

"அவ நம்ம மேப்பைப் பாத்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாடா" என்றாள் ரிஸ்வானா. "இந்த ஆத்துக்குப் பாலம் எங்கேன்னு. ரெண்டு வருசமா பாலமே இல்லாத ஆத்தை நாம தாண்டிட்டு இருக்கோம். நமக்கு யாருக்காச்சும் தோணுச்சா?"

எனக்குத் தோன்றியது ஒன்றுதான். அவள் எங்கே உட்காருவாள்? மேசையைச் சுற்றி நாலு ஸ்டூல். நாலாவது ஸ்டூலில் ஜோயல் காம்பஸால் வேங்கை வரைந்திருக்கிறான், பார்க்க ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கும்.

புதியவர் விதியைச் சுவரில் இன்னும் ஒட்டி வைத்திருக்கிறோம். ஜோயல் எழுத்து. என் சித்தி பையன் வந்த முதல் நாளே ராஜா வேஷம் கேட்டு அடம் பிடித்தபோது அவசரமாகப் போட்ட சட்டம். புதிதாக வருகிறவர் தாயம் விழும்வரை மரம். மரம் பேசாது, நடக்காது. ஞாயிறுக்கு மூன்று உருட்டு, மூன்று ஞாயிறு. பன்னிரண்டு விழுந்தால் கூடுதலாக ஒரு உருட்டு. அதற்குள் தாயம் விழாவிட்டால் மரம் நின்ற இடத்திலேயே நிற்கும், வண்டி போய்விடும். அடுத்த கதை முழுப்பரீட்சைக்கு அப்புறம்தான்.

விதி என்றால் விதிதானே?

ஜூன் 10, செவ்வாய்

இன்றைய செய்முறை. தேவையான பொருட்கள்: தேர்த் திருவிழாக் கடையில் வாங்கிய பித்தளைத் தாயக்கட்டை ஒரு ஜோடி, வெள்ளை மெழுகுவர்த்தி, ஊசி, அக்காவின் தங்கநிற நெயில் பாலிஷ்.

ஒவ்வொரு கட்டைக்கும் நாலு பக்கம். ஒரு பக்கம் வெறுமை, மற்றவற்றில் ஒரு குழி, இரண்டு குழி, மூன்று குழி. ஒரு கட்டையில் வெறுமையும் இன்னொன்றில் ஒற்றைக் குழியும் விழுந்தால் தாயம். இரண்டும் வெறுமை என்றால் பன்னிரண்டு. ஆக, இரண்டு கட்டையிலும் ஒற்றைக் குழியை மெழுகால் அடைத்து, மேலே பாலிஷ் தடவிவிட்டால், நாள் முழுக்க உருட்டினாலும் தாயம் விழாது. பன்னிரண்டு மட்டும் அள்ளிக்கொண்டு விழும்.

கட்டையிலேயே முட்டுக்கட்டை! என் தோளை நானே தட்டிக்கொண்டேன். இது வெறும் விளையாட்டு. ஒரு வாரம் சிரித்துவிட்டுச் சொல்லிவிடுவேன்.

ஜூன் 15, ஞாயிறு

வந்தாள். தூக்கு வாளி நிறைய மக்ரூன் கொண்டு வந்தாள். வாயில் வைத்தால் கரைகிறது. லோகித் அந்த நிமிஷமே கட்சி மாறிவிட்டான்.

நான் சிவப்புத் துணியில் சுற்றிய கட்டையை இரண்டு கையாலும் நீட்டி, "வண்டிக்கு வர்றவங்களுக்குத் தனிக் கட்டை. இனிமே இது உங்களுது. வீட்டுக்கே எடுத்துட்டுப் போலாம்" என்றேன்.

ரிஸ்வானா என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "உனக்குள்ள இவ்வளவு நல்ல பையன் எங்கடா ஒளிஞ்சிருந்தான்?"

பேச்சி கட்டையை உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தாள். "எனக்கா?" என்றாள். "ரொம்ப நல்லா இருக்கு." துணியை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

உருட்டினாள். பன்னிரண்டு. மறுபடி பன்னிரண்டு. "யப்பா, என்னா கை!" என்று லோகித் கத்தினான். அப்புறம் ஐந்து, மூன்று, நாலு. முடிந்தது.

ஜோயலின் ஸ்டூலில்தான் உட்கார்ந்தாள். வேறு எங்கே உட்காருவாள், பாவம். (பாவம் என்பதை அடித்துவிட நினைத்தேன். பேனா ஒத்துழைக்கவில்லை.)

ரிஸ்வானா பச்சை நூல்கண்டு ஒன்றை ஆற்றங்கரையில் நிறுத்தினாள். அதுதான் மரம். மரம் என்றால் சும்மா பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். என் சித்தி பையன் பத்து நிமிஷத்தில் கொட்டாவி விட்டான். இவள் மூன்று மணி நேரம் கன்னத்தில் கை வைத்து, நாங்கள் பேசுகிற ஒவ்வொருவர் வாயையும் பார்த்தாள். பூனைக்காலைக் காவலர்கள் துரத்தி, அவன் ஒளிய இடமில்லாமல் தவித்தபோது விரலைத் தூக்கினாள்.

"மரம் பேசக் கூடாது" என்றேன் நான்.

"பேசல. கிளையைத் தாழ்த்தலாமா?"

ரிஸ்வானா சுவரில் இருந்த விதியைப் படித்தாள். பேசாது, நடக்காது. கிளையைப் பற்றி ஜோயல் ஒன்றும் எழுதவில்லை. பூனைக்கால் கிளையைப் பிடித்து ஏறித் தப்பித்தான்.

லோகித் மரத்துக்கு நன்றி சொன்னான். மரம் காதுவரை சிரித்தது.

ஜூன் 16, திங்கள்

சொல்லவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன்.

ஜூன் 19, வியாழன்

அம்மாவோடு சந்தைக்குப் போனேன். திரும்பும் வழியில் பேச்சி, ரிஸ்வானாவோடு நின்று கம்மங்கூழ் குடித்துக்கொண்டிருந்தாள். "அர்த்தநாரி, ஞாயித்துக்கிழமை தாயம் போட்டுருவேன் பாரு" என்றாள். முதல் தடவையாக ஒரு முழு வாக்கியம்.

"சாமி, யாருடா அந்தப் புள்ள? நல்ல மொகம்" என்றார் அம்மா.

"மரம்மா" என்றேன். அம்மா என் தலையில் தட்டி, கத்தரிக்காய்ப் பையையும் என் கையில் கொடுத்தார்.

ஜூன் 22, ஞாயிறு

இரண்டாம் ஞாயிறு. நாலு, ஐந்து, பன்னிரண்டு, அதற்கு மேல் ஒரு ஆறு. தாயம் இல்லை.

"கவலைப்படாதே, அடுத்த வாரம் விழுந்துரும்" என்றாள் ரிஸ்வானா. பேச்சி தலையாட்டினாள், ஆனால் கட்டையைத் துணியில் சுற்றும்போது இரண்டு தடவை நழுவவிட்டாள்.

கதையில் குளிர்காலம். வண்டி ஆற்றங்கரை மரத்தடியில் தங்குகிறது. பனி கொட்டுகிறது. மெய்யப்பன் சித்தர் போர்வையைத் தனக்கு இழுத்துக்கொண்டார் (சித்தருக்குக் குளிரும்). பூனைக்கால் அடுப்பு மூட்டினான். அடுத்து யார் என்று ரிஸ்வானா சுற்றிலும் பார்த்தபோது மரம் விரல் தூக்கியது.

"இலை உதிர்க்கலாமா?"

"உதிர்க்கலாமே. குளிர்காலம்தானே."

"வண்டியில ஒருத்தர் படுத்திருக்காருல்லா. ரெண்டு வாரமாப் பாக்கேன், அவருக்கு யாரும் போர்வை போடல. அவர் மேல உதிர்க்கேன்."

பாவாடைப் பையிலிருந்து கறிவேப்பிலை எடுத்தாள். நிஜக் கறிவேப்பிலை, அவள் வாளிச் செடியிலிருந்து. தீப்பெட்டிமேல் கிடந்த கறுப்பு பட்டன்மேல் ஒவ்வொன்றாகப் போட்டாள். பட்டன் முழுக்க மூடுகிறவரை.

மேசை முழுக்கச் சாக்பீஸ் தூசி. கண்ணில் விழுந்துவிட்டது. குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

"யாரு அவரு?" என்று பேச்சி கேட்டுக்கொண்டிருந்தாள். "வேங்கையன்" என்றான் லோகித். "ஏன் தூங்குதாரு?"

ரிஸ்வானா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். சுவரில் ஜோயல் எழுத்து.

ஜூன் 23, திங்கள்

சரி, எழுதிவிடுகிறேன். வலது பக்கம் உண்மைக்கு என்று நான்தானே சொன்னேன்.

ஜோயலின் கடைசி ஞாயிறு. வேங்கையனுக்கு ஒரு விடைபெறும் உரை எழுதிக்கொண்டு வந்திருந்தான். மூன்று நாள் உட்கார்ந்து எழுதினானாம், நாலு பக்கம். ஸ்டூல்மேல் ஏறி நின்று, "தோழர்களே, நாளை விடியலில் நான் மலையைக் கடக்கிறேன். போவதற்கு முன், மெய்யப்பா, உன்னிடம் ஒன்று..." என்று ஆரம்பித்தான். குரல் கரகரத்தது.

அந்த இடத்தில் நான் போனில் குறட்டைச் சத்தத்தைப் போட்டேன். முழு வால்யூமில். எங்கள் மாமா விடுகிற குறட்டை, போன தீபாவளிக்குப் பதிவு செய்தது.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஜோயலும் சிரித்தான். "வேங்கையனுக்கே தூக்கம் வந்துருச்சு போ" என்று பட்டனைத் தீப்பெட்டிமேல் வைத்தான். தாள்களை மடித்துப் பையில் போட்டுக்கொண்டான். மீதியைப் படிக்கவில்லை.

அதற்கு அப்புறம் நான் அனுப்பிய பதினெட்டு மெசேஜுக்கும் இரண்டு நீல டிக் மட்டும்.

ஏன் போட்டேன் என்று ரிஸ்வானா அன்றைக்கே கேட்டாள். சும்மா என்றேன். அவன் அந்த வாக்கியத்தை முடித்திருந்தால் எனக்கு என்ன ஆகியிருக்கும் என்று... சரி விடு. சும்மாதான்.

ஜூன் 26, வியாழன்

மெழுகை எடுத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். யாருக்கும் தெரியாமல் எடுத்துவிட்டால் ஞாயிறு அவளே தாயம் போட்டு உள்ளே வந்துவிடுவாள். குற்றமும் காலி, குற்றவாளியும் ஜாலி.

வகுப்பில் அவளிடம், "கட்டையைக் குடுங்க, வெள்ளிக்கிழமை கோயில்ல வெச்சுட்டுத் தர்றேன். தாயம் விழும்" என்றேன். உடனே கொடுத்தாள். "நல்லா வேண்டிக்கோ" என்றாள்.

வீட்டுக்கு வந்து ஊசியால் குத்தினேன். உள்ளிருந்து வந்தது என் மெழுகு இல்லை.

நான் வைத்தது வெள்ளை. வந்தது ரோஸ் நிறம், பிறந்தநாள் கேக்கில் குத்துகிற மெழுகுவர்த்தி. மேலே இருந்த பாலிஷும் அக்காவுடையது இல்லை, அதில் மினுமினுப்பு கலந்திருந்தது. கட்டை முழுவதும் பளபளவென்று புளி போட்டு விளக்கியிருந்தது.

அதாவது, விளக்கியிருக்கிறாள். மெழுகு கழன்று வந்திருக்கிறது. பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுத் திரும்ப அடைத்திருக்கிறாள்.

ஏன்?

இரவுச் சாப்பாட்டில் ரசத்துக்குப் பதில் தண்ணீரை ஊற்றிக்கொண்டேன். "இன்னைக்கு யாரை ஏமாத்தறான்னு தெரியலை, தன்னையே ஏமாத்திக்கறான்" என்றாள் அக்கா.

ஜூன் 28, சனி

குழிகளைச் சுத்தம் செய்துவிட்டேன். கோயிலுக்கும் போனேன். பொய்யில் ஒரு பாதியாவது மெய்யாக இருக்கட்டும் என்று.

ஜூன் 29, ஞாயிறு

மூன்றாம் ஞாயிறு.

கட்டையைக் கொடுத்தேன். பேச்சி வாங்கிக் கட்டைவிரலால் தடவினாள். விரல் ஒற்றைக் குழியில் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.  கண்ணை மூடிக்கொண்டு உருட்டினாள்.

ஆறு.

மறுபடி உருட்டினாள். இரண்டு கட்டையிலும் ஒற்றைக் குழி. இரண்டு. லோகித், "அய்யோ, ஒண்ணு மட்டும் திரும்பியிருந்தா!" என்று மேசையைக் குத்தினான்.

மூன்றாவது, இரண்டு கட்டையும் வெறுமை. பன்னிரண்டு. இன்னும் ஒரு உருட்டு இருக்கிறது. ரிஸ்வானா கை கூப்பிக்கொண்டாள். 

மூன்று.

அவ்வளவுதான். ஒழுங்கான கட்டை ஒழுங்காகவே கைவிட்டுவிட்டது. ஒரு ஞாயிற்றை நான் நேராக்கினால் மற்ற இரண்டு ஞாயிறும் நேராகிவிடுமா என்ன?

"பரவால்ல" என்றாள் பேச்சி. கட்டையைத் துணியில் சுற்றி ரிஸ்வானா பக்கம் நகர்த்தி வைத்தாள். பச்சை நூல்கண்டை ஒரு தடவை தொட்டாள். "மூணு வாரம் நல்லா இருந்துச்சு. நான் வாரேன்." செருப்பு மாட்டப் போய்விட்டாள்.

"விதியாச்சே, என்ன பண்றது" என்று லோகித் அழமாட்டாக் குறையாகச் சொன்னான்.

"ரெண்டு வாரம் கட்டையில ஒண்ணே இல்லை" என்றேன்.

"என்ன?"

"ஒத்தைக் குழியை மெழுகு வெச்சு அடைச்சுட்டேன். தாயம் விழவே விழாது. நான்தான் பண்ணுனேன்."

 என் வாயில் எப்போதும் அடுத்த சிலேடை தயாராக இருக்கும். இன்று ஒன்றுகூட வரவில்லை.

"எதுக்குடா?" என்றாள் ரிஸ்வானா. கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"அது ஜோயல் ஸ்டூலு."

"அவன் போய்ட்டான்டா அர்த்து."

"தெரியும். போறப்ப பேசவும் விடலையில்ல நானு."

லோகித் முறுக்கைக் கீழே வைத்துவிட்டான். அவன் தின்பதைப் பாதியில் நிறுத்தி நான் பார்த்ததே இல்லை.

வாசலில் பேச்சி ஒரு காலில் செருப்போடு நின்றிருந்தாள். "எனக்குத் தெரியும்லா" என்றாள். "மொத வாரம் சனிக்கிழமையே புளி போட்டு வெளக்கும்போது கழண்டு வந்துட்டு. நான்தான் மறுபடி அடைச்சேன்."

"ஏன்?" மூன்று பேரும் ஒன்றாகக் கேட்டோம்.

"புதுசா வாரவங்களுக்கு எல்லா எடத்துலயும் ஒண்ணு வச்சிருப்பாங்க. முந்தின ஸ்கூல்ல ரெண்டு மாசம் எல்லாருக்கும் தண்ணி பாட்டில் நான்தான் நெரப்பிக் குடுக்கணும். அதுக்கு முந்தின ஸ்கூல்ல என் சாப்பாட்டை அவங்க தின்ன அப்புறம்தான் எனக்கு. இங்க இதுதான் போலன்னு நெனச்சேன். உங்க எல்லாருக்கும் தெரிஞ்சுதான், நான் எத்தனை வாரம் தாங்குதேன்னு பாக்கியன்னு நெனச்சிட்டேன். மெழுகை எடுத்துட்டு உருட்டுனா கள்ளாட்டம் ஆயிரும்லா." இன்னொரு செருப்பைக் காலால் தேடினாள். "மத்ததுக்கு இது எவ்வளவோ தேவல. இங்க மரமாவாவது இருக்க விட்டிய."

 

ரிஸ்வானா, "செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா. உருட்டெல்லாம் வேண்டாம், நீ இன்னைல இருந்து வண்டியில இருக்கே" என்றாள்.

"இல்ல. உருட்டியே வாரேன்."

கெட்டுப்போன இரண்டு ஞாயிறுக்கும் சேர்த்து ஆறு உருட்டு கொடுத்தாள் ரிஸ்வானா. ஐந்து. மூன்று. நாலு. நாலாவது உருட்டில் ஒரு கட்டை வெறுமையாக நின்றது, இன்னொன்று மேசை ஓரம்வரை உருண்டு, கத்தரிக்கோலில் முட்டி, ஒற்றைக் குழி மேலே தெரிய நின்றது.

தாயம்!

நான் போட்ட சத்தத்தில் மாடியிலிருந்து ரிஸ்வானாவின் அம்மா, "யாருக்குடா ஊசி குத்துச்சு?" என்று இறங்கி வந்துவிட்டார்.

பேச்சியின் பாத்திரம் நாத்துக்காரி. எந்தச் செடியையும் வேர் அறாமல் பிடுங்கி வேறு இடத்தில் பிழைக்க வைப்பாள், அதுதான் அவள் வித்தை. மேசையில் அவள் ஒரு வெள்ளிக் கொக்கி.

எனக்குத் தண்டனை: பச்சை நூல்கண்டு. இனி நான்தான் மரம். மூன்று ஞாயிறு, விதிப்படி. மெய்யப்பன் சித்தரின் ஊக்கை ரிஸ்வானா தன் துப்பட்டாவில் குத்திக்கொண்டாள். அவள் இன்னும் என்னோடு பேசவில்லை. நியாயம்தான். தாயத்தை மறைத்தால் காயம் வராதா?

ஜூன் 30, திங்கள்

ஜோயலுக்குப் பத்தொன்பதாவது மெசேஜ்: "வேங்கையன் மெய்யப்பன்கிட்ட என்ன சொல்ல வந்தான்? மீதியைச் சொல்லு. இந்த தடவை போனை அணைச்சு வெச்சுட்டுக் கேக்கறேன்."

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. போனை அணைத்துவிட்டு எப்படிக் கேட்பது? கெமிஸ்ட்ரி சாரின் மூக்கை வரைந்து மனசை ஆற்றிக்கொண்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

மரமாக இருப்பது கஷ்டம். மூன்று உருட்டிலும் தாயம் இல்லை. மூன்று மணி நேரம் வாயைத் திறக்கவில்லை. அம்மாவிடம் சொன்னால் ரிஸ்வானாவுக்கு மாலை போடுவார்.

ஜூலை 9, புதன்

இரண்டு நீல டிக்.

ஜூலை 13, ஞாயிறு

தாயம் இல்லை. பேச்சி முழு நேரமும் பேசினாள். நிறுத்தாமல். ஆற்றுக்குப் பாலம் கட்டுகிறாள், காவலர்களிடம் பேரம் பேசுகிறாள், பூனைக்காலுக்கு நாய்ப் பயம் போக மந்திரிக்கிறாள். பெயர் வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

கிளம்பும்போது ரிஸ்வானா, "குடையை எடுத்துட்டுப் போடா, மழை வருது" என்றாள். இரண்டு வாரத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. மழை வரவே இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

என் மூன்றாம் ஞாயிறு. ஐந்து, இரண்டு, ஆறு. முடிந்தது. சிரிக்கப் பார்த்தேன், வாய் பாதியில் நின்றுவிட்டது.

"விதிப்படி மரம் நின்ன எடத்துல நிக்கும்" என்று ரிஸ்வானா சொன்னாள். அவள் குரலும் சரியில்லை. "வண்டி கிளம்புது. ஆத்தைத் தாண்டி, மலை வாசலுக்கு." தீப்பெட்டியைப் புதுப் பாலத்தின் பக்கம் நகர்த்தினாள். கரையில் பச்சை நூல்கண்டு தனியாக நின்றது.

"நில்லுங்க" என்றாள் பேச்சி. "நாத்துக்காரி வண்டியை விட்டு எறங்குதா."

"எதுக்கு?"

"மரத்தைத் தோண்டி எடுக்க."

ரிஸ்வானா அவளைப் பார்த்தாள். லோகித் சுவருக்கு ஓடி ஜோயலின் விதியை உரக்கப் படித்தான். "மரம் பேசாது. நடக்காது." திரும்பினான். "மரத்தை யாரும் தூக்கிட்டுப் போகக் கூடாதுன்னு இல்லை! எழுதவே இல்லை!"

"மூணு ஊரு மாறியாச்சு" என்றாள் பேச்சி. "ஒவ்வொரு தடவையும் வாளியோட தூக்கிட்டுத்தான வாரோம். ஒண்ணையும் விட்டுட்டு வந்ததில்ல."

கட்டையை உருட்டினாள். ஆறு. பெரிய எண், வேர் அறாமல் வந்தது என்றாள் ரிஸ்வானா. பேச்சி பச்சை நூல்கண்டை இரண்டு விரலால் எடுத்து, தீப்பெட்டிமேல், கறுப்பு பட்டனுக்குப் பக்கத்தில் வைத்தாள். இடம் போதவில்லை. பட்டனைக் கொஞ்சம் நகர்த்தி, நூல்கண்டைச் சாய்த்து, இரண்டும் விழாமல் பொருத்தினாள்.

வண்டி பாலத்தைத் தாண்டியது.

மரம் பேசக் கூடாது. அதனால் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டம் முடிந்ததும் தீப்பெட்டியைப் படம் எடுத்து ஜோயலுக்கு அனுப்பினேன். கீழே எதுவும் எழுதவில்லை.

ஜூலை 21, திங்கள்

காலை பல் தேய்க்கும்போது போன் அதிர்ந்தது. ஜோயல். எழுத்து இல்லை, குரல் பதிவு, பதினாலு நொடி.

கொல்லைப்புறம் போய் நின்று கேட்டேன்.

குறட்டை. பதினாலு நொடியும் குறட்டை. எங்கள் மாமாவைவிட நன்றாக விட்டான். கடைசி நொடியில் மட்டும் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் புர்ரென்று ஒரு சத்தம்.

ஐந்து தடவை கேட்டேன்.

"ஏன்டா அழுவறே?" என்று அக்கா கேட்டாள்.

"வெங்காயம்" என்றேன்.

"இன்னைக்கு இட்லிடா."

ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டது. இதைப் பேச்சிக்கு முதலில் போட்டுக் காட்ட வேண்டும். முழு வால்யூமில்.